வெளிநாட்டில் வாங்கிய ரௌட்டர் நம் வீட்டில் வேலை செய்யாவிட்டால்: அறிகுறிவாரியான வழிமுறை

காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு வைஃபை பழுது பார்க்கப் போகிறவன் என்ற முறையில், விடுமுறைக்கு வந்த மகனோ மருமகளோ சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ரௌட்டர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். கொண்டுவந்தவர் விமானம் ஏறிய மறுநாள்தான் பெரும்பாலும் அழைப்பு வரும். "இது வெளிநாட்டுப் பெட்டி, நாட்டை இந்தியா என்று மாற்றிக் கொடுங்கள்" என்பதே கோரிக்கையாக இருக்கும். ஆனால் நாட்டு அமைப்பை (எந்த நாட்டு விதிப்படி ரௌட்டர் பேச வேண்டும் என்ற தேர்வை) மாற்றியதால் தீர்ந்த பழுதுகளைவிட, அடாப்டர், பழைய இணைப்பின் மிச்ச அமைப்புகள், வைஃபை பேசும் அலைவரிசைப் பிரிவைக் குறிக்கும் சேனல் எண் ஆகிய மூன்றைச் சரிசெய்ததால் தீர்ந்தவையே என் அனுபவத்தில் அதிகம். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்க ஸ்டிக்கரைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரை ஒட்டி யூஎஸ், ஈயூ, ஐஎன் போன்ற இரண்டெழுத்துக் குறியும் அதனருகே வெர்ஷன் எண்ணும் இருக்கும். நெட்கியர் பெட்டிகளில் மாடல் எண்ணின் வால்பகுதி 100என்ஏஎஸ் என்றிருந்தால் வட அமெரிக்காவுக்கும், 100பிஇஎஸ் என்றிருந்தால் ஐரோப்பாவுக்கும், 100ஐஎன்எஸ் என்றிருந்தால் இந்தியாவுக்கும் செய்யப்பட்டது என்று பொருள். இந்த ஒரு படம் கையில் இருந்தால், பின்னால் யாரை உதவிக்கு அழைத்தாலும் பாதி நேரம் மிச்சமாகும்.

## அறிகுறி 1: விளக்கே எரியவில்லை, அல்லது எரிந்து எரிந்து அணைகிறது

### ஒரு விளக்கும் எரியாவிட்டால்

முதலில் பிளக்கைப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், இங்கிலாந்து ஆகிய நாடுகளின் பிளக்கில் தட்டையான மூன்று தடித்த பின்கள் இருக்கும். அதற்குள்ளேயே ஒரு சிறு ஃபியூசும் உண்டு. பயணத்தில் அடிபட்டோ பழையதாகியோ அந்த ஃபியூஸ் போயிருக்கலாம். பிளக் திறக்கக்கூடிய வகையாக இருந்தால் அதே ஆம்பியர் ஃபியூசை மாற்றிப் பாருங்கள். அமெரிக்க, ஜப்பானிய பிளக்குகளில் இரண்டு மெல்லிய தட்டைப் பின்கள் இருக்கும். எல்லா வகைப் பிளக்கையும் ஏற்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அவை நுழைந்துவிடும் என்றாலும், பிடிமானம் தளர்வாகவே இருக்கும்.

அடுத்து, அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் உள்ளீட்டு வரியைப் படியுங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டுக்கு அது தாங்கும். பிளக் மாற்றி மட்டும் போதும். 120 வோல்ட் என்று மட்டுமோ, ஜப்பானியப் பெட்டியில் 100 வோல்ட் என்று மட்டுமோ இருந்தால், அதை நம் சாக்கெட்டில் செருகவே கூடாது. ஏற்கெனவே செருகி, ஒரு முறை பளிச்சிட்டு அணைந்துவிட்டது என்றால், போனது அடாப்டர் மட்டுமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரௌட்டர் ஸ்டிக்கரில் உள்ள அதே வோல்ட்டும், அதே அல்லது அதற்கு மேற்பட்ட ஆம்பியரும் கொண்ட உள்ளூர் அடாப்டரைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் வட்டக்குறி இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டுச் செருகுங்கள். சரியான அடாப்டரிலும் விளக்கு எரியாவிட்டால் உள்ளே பலகை போயிருக்கிறது. அதை எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவரிடம் காட்டலாம். ஆனால் பழைய மாடலுக்கு அந்தச் செலவு தகாது.

### எரிகிறது, ஆனால் அடிக்கடி தானாக மறுதொடக்கம் ஆகிறது

தளர்ந்த பிளக்கை விட்டால், நம் ஊரில் இதற்கு வழக்கமான காரணம் மினி யூபிஎஸ். கரண்ட் போனாலும் இணையம் நிற்காமலிருக்க நாம் வாங்கி வைத்திருக்கும் 12 வோல்ட், 2 ஆம்பியர் மினி யூபிஎஸ், உள்ளூர் ரௌட்டருக்குப் போதும். வெளிநாட்டிலிருந்து வரும் உயர்விலைப் பெட்டிகள் பலவற்றுக்கு 2.5 அல்லது 3 ஆம்பியர் வேண்டும். சில மாடல்கள் 19 வோல்ட்டில் ஓடுபவை. சும்மா இருக்கும்போது ஓடும், இரண்டு பேர் வீடியோ பார்க்கத் தொடங்கியதும் அணையும். யூபிஎஸ்ஸைக் கழற்றி, அதனுடன் வந்த சொந்த அடாப்டரில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அணையவில்லை என்றால் காரணம் தெரிந்துவிட்டது.

## அறிகுறி 2: வைஃபை பெயர் வருகிறது, போன் இணைகிறது, இணையம் மட்டும் வரவில்லை

என்னைத் தேடி வருகிறவற்றில் பெரும்பகுதி இதுதான். நாட்டு அமைப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதை வீட்டுக்காரர்களை நம்பவைப்பதே பாதி வேலை. வைஃபை பெயர் தெரிந்து போன் இணைந்துவிட்டது என்றாலே ரேடியோ பகுதி ஒழுங்காக இருக்கிறது. கோளாறு சுவரிலிருந்து வரும் வயரின் பக்கம்.

### முதலில்: பழைய நாட்டின் அமைப்பு மிச்சமிருக்கிறதா?

அங்கே பயன்படுத்திக்கொண்டிருந்த பெட்டி என்றால், அங்குள்ள நிறுவனத்துக்கேற்ற விலான் எண் (ஒரே வயரில் வரும் சேவைகளைப் பிரித்துக்காட்டும் அடையாள எண்) அதில் உட்கார்ந்திருக்கும். மலேசியாவின் யூனிஃபை இணைப்புக்கு இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600 என்ற விலான் எண்களைக் கொடுப்பார்கள். சிங்கப்பூரிலும் இப்படி எண் கேட்கும் இணைப்புகள் உண்டு. டிபி-லிங்க் பெட்டிகளின் நிர்வாகப் பக்கத்தில் (பிரௌசரில் ரௌட்டரின் முகவரியைத் தட்டினால் திறப்பது) ஐபிடிவி என்ற பகுதியைத் திறந்தால் மலேசியா-யூனிஃபை, சிங்கப்பூர்-எக்ஸ்ஸ்ட்ரீம் என்று பெயர் போட்டே தேர்வுகள் இருக்கும். அந்தத் தேர்வு அப்படியே இருக்கும்வரை, நம் ஊர் வயரை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் பெட்டி வேறு எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். ஐபிடிவியை அணையுங்கள். அதைவிடச் சுருக்கமான வழி, பின்பக்க ரீசெட் துளையில் குண்டூசியை விட்டு, விளக்குகள் ஒருசேர மின்னும்வரை ஏறத்தாழ பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பெட்டியைப் புதிதாக்கிவிடுவது. அங்கே தட்டச்சு செய்து வைத்த டிஎன்எஸ் எண்களும் (இணையதளப் பெயரை முகவரியாக்கித் தரும் சர்வரின் எண்கள்) அதோடு போய்விடும் என்பதால் நான் பெரும்பாலும் ரீசெட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

### அடுத்து: லாகின் செய்ய வேண்டியது எந்தப் பெட்டி?

சுவரில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி உங்கள் இணைய நிறுவனத்துடையது. அது இரண்டு விதமாக அமைக்கப்பட்டிருக்கும். அதிலேயே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போட்டிருந்தால் அதுவே ரௌட்டராக வேலை செய்கிறது. அப்போது வெளிநாட்டுப் பெட்டியின் வேன் (வெளியிலிருந்து இணையம் நுழையும் வழி) பக்கத்தில் டைனமிக் ஐபி (முகவரியைத் தானாகப் பெறும் முறை) என்று வைத்தால் போதும். தான் லாகின் செய்யாமல் இணையத்தை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறையில் இருந்தால், லாகின் செய்யும் பொறுப்பு வெளிநாட்டுப் பெட்டியுடையது. அதில் பிபிபிஓஇ என்று தேர்ந்தெடுத்து, நிறுவனம் கொடுத்த பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் போட வேண்டும். பிஎஸ்என்எல் ஃபைபரிலும் உள்ளூர் கேபிள்காரர் வழி வரும் பல இணைப்புகளிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. ஓஎன்டியில் ஒரு முறை, ரௌட்டரில் ஒரு முறை என்று இரண்டு இடத்திலும் லாகின் விவரத்தைப் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே கணக்கில் இரண்டு பெட்டிகள் முட்டிக்கொள்ளும்போது சற்று நேரம் வந்து சற்று நேரம் நிற்கும்.

சோதிப்பது எளிது. ஓஎன்டியிலிருந்து வரும் வயரை ரௌட்டரில் மாட்டாமல் நேரே ஒரு லேப்டாப்பில் மாட்டுங்கள். எதுவும் போடாமலே இணையம் வந்தால் ஓஎன்டிதான் லாகின் செய்கிறது. வராவிட்டால் பிரிட்ஜ் முறையாக இருக்கலாம், அல்லது அடுத்துச் சொல்லும் காரணமாக இருக்கலாம்.

### அதற்கும் அடுத்து: நிறுவனம் பழைய பெட்டியை மட்டுமே அனுமதிக்கிறதா?

சில இணைய நிறுவனங்கள் முதலில் இணைத்த கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை) பதிந்துகொண்டு, வேறு பெட்டியை ஏற்காது. வாடிக்கையாளர் சேவையை அழைத்து "ரௌட்டர் மாற்றியிருக்கிறேன், மேக் ரிலீஸ் செய்யுங்கள்" என்று கேட்டால் உடனே செய்துவிடுவார்கள். அழைப்பு கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைகளில், ரௌட்டரின் வேன் பக்கத்திலுள்ள மேக் குளோன் வசதியில் பழைய பெட்டியின் எண்ணைப் போட்டும் சமாளிக்கலாம்.

### இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே முகவரி

ஓஎன்டியின் முகவரி 192.168.1.1 என்றிருந்து, ரௌட்டரின் முகவரியும் அதுவாகவே இருந்தால் இணைய வழி தடுமாறும். இதைத் தாமே கண்டுகொண்டு மாற்றிக்கொள்ளும் ரௌட்டர்கள் உண்டு, பழையவை மாற்றாது. லேன் (வீட்டுக்குள் உள்ள இணைப்பு) பக்கத்தில் ரௌட்டரின் முகவரியை 192.168.60.1 போல வேறொன்றாக்கிச் சேமித்து, போனைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள்.

### வேன் துளையே இல்லாவிட்டால்

அமெரிக்காவில் கேபிள் இணைப்புக்குக் கொடுக்கும் பெட்டியில் தொலைக்காட்சி வயர் போலத் திருகி மாட்டும் துளைதான் உள்வழி. ஐரோப்பாவின் பழைய பெட்டிகளில் தொலைபேசி வயர் நுழையும் சிறு துளை உள்வழி. இவற்றை நம் ஃபைபர் ஓஎன்டியுடன் முதன்மை ரௌட்டராக இணைப்பது பெரும்பாலும் நடக்காது. அதேபோல, வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமே தன் பெயர் பொறித்துக் கொடுத்த பெட்டியில் வேன் அமைப்புகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். அது தொடங்கும்போதெல்லாம் தன் சொந்த நாட்டு நிறுவனத்தின் சர்வரைத் தேடும். இத்தகைய பெட்டியைத் திறந்து தருவதாகச் சொல்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம். அதன் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய முடிந்தால், லேன் முகவரியை ஓஎன்டியின் எண்வரிசையில் யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணாக, 192.168.1.250 போல, மாற்றுங்கள், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணையுங்கள், ஓஎன்டியின் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்கு ஒரு வயரை இழுங்கள். மாடி அறைக்கு வைஃபை கொடுக்கும் பெட்டியாக அது பல ஆண்டுகள் ஓடும். இந்த ஒரு வித்தையால் நான் காப்பாற்றிக் கொடுத்த பெட்டிகள், நாட்டை மாற்றிக் கொடுத்தவற்றைவிட அதிகம்.

வரிசையாக இவ்வளவும் பார்த்தும் இணையம் வராவிட்டால், லேப்டாப்பை நேரே ஓஎன்டியில் மாட்டியும் வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு இணைய நிறுவனத்தின் லைன்மேனை அழையுங்கள். ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் எதையும் பார்க்காமல் முதலிலேயே அழைக்க வேண்டும். அது ஃபைபர் கோளாறு.

## அறிகுறி 3: ஒரு போனில் வைஃபை தெரிகிறது, இன்னொரு கருவியில் பெயரே தெரியவில்லை

நாட்டு அமைப்பு உண்மையிலேயே குறுக்கிடும் இடம் இது. எந்த நாடு எந்தச் சேனல்களை அனுமதிக்கிறது என்பது வேறுபடுவதால், ரௌட்டர் ஒரு நாட்டுப் பட்டியலையும் கருவி இன்னொரு நாட்டுப் பட்டியலையும் வைத்துக்கொண்டிருந்தால், ஒன்று பேசும் சேனலை மற்றது கேட்பதே இல்லை.

### 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியாவிட்டால்

அமெரிக்காவில் 1 முதல் 11 வரையுள்ள சேனல்கள் மட்டுமே புழக்கத்தில் உள்ளன. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 13 வரை உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த ரௌட்டர் தானாகச் சேனல் தேர்ந்தெடுத்து 12 அல்லது 13-இல் போய் உட்கார்ந்தால், அமெரிக்காவிலிருந்து வந்த லேப்டாப்புக்கும் தொலைக்காட்சியில் செருகும் குச்சிக்கும் அது தெரியாது. ரௌட்டரில் "ஆட்டோ" என்பதை எடுத்துவிட்டு 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைக் கையால் போடுங்கள். பக்கத்து வீடுகள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்பதை ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலியால் பார்த்து, கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஜப்பானியப் பெட்டியில் 14 என்றொரு சேனலும் தென்படலாம். பழைய வகை வைஃபைக்காக அந்நாடு மட்டும் ஒதுக்கியது அது. இங்கே தொட வேண்டாம்.

### 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியாவிட்டால்

இந்தியாவில் நடுவிலுள்ள 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கையால்தான். அதற்கு முன் இங்கே விற்ற தொலைக்காட்சிகளிலும் மலிவு விலைப் போன்களிலும் பல, 100 முதல் 144 வரையுள்ள நடுச் சேனல்களைத் தேடுவதே இல்லை. சீனாவுக்கென்று செய்த பெட்டிகளிலும் கருவிகளிலும் அந்த நடுப்பகுதி கிடையாது. ஜப்பானியப் பெட்டியில் 149-க்கு மேற்பட்டவை இல்லை. ஐரோப்பியப் பெட்டியிலும் அவை பொதுவாகக் கிடைக்காது.

ஆனால் 36, 40, 44, 48 ஆகிய நான்கும் இந்த எல்லா நாடுகளிலும் உண்டு. ஆகவே 5 கிகாஹெர்ட்ஸில் சேனலை 36 என்று கையால் வைத்துச் சேமியுங்கள். விடுபட்ட கருவிகளில் பெரும்பாலானவை அப்போதே எட்டிப் பார்க்கும். அமெரிக்கப் பெட்டி என்றால் 149-ஐயும் முயலலாம், அதுவும் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பகுதிதான். இந்தப் பொதுச் சேனல்களில் நிறுத்திவிட்டால், பட்டியலில் நாடு அமெரிக்கா என்றே இருந்தாலும் வீட்டுப் பயன்பாட்டில் எந்தக் குறையும் தெரியாது. நாட்டை மாற்றித்தான் தீர வேண்டும் என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் செய்து காட்டுவது இதைத்தான்.

### லேப்டாப் மட்டும் பிடிவாதம் பிடித்தால்

லேப்டாப்புகள் பலவும் சுற்றிலும் கேட்கும் ரௌட்டர்கள் அறிவிக்கும் நாட்டுக் குறியைக் கேட்டே, தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று முடிவுசெய்துகொள்கின்றன. உங்கள் வெளிநாட்டுப் பெட்டி "நான் அமெரிக்கா" என்று அறிவித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பெட்டி "நான் இந்தியா" என்று சொன்னால், எது முதலில் காதில் விழுந்ததோ அதன்படி சேனல்கள் திறந்தும் மூடியும் போகும். காலையில் தெரிந்த பெயர் மாலையில் தெரியவில்லை என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கலாம். மேக் கணினியில் ஆப்ஷன் பொத்தானை அழுத்திக்கொண்டு மேலேயுள்ள வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால், எந்த நாட்டுக் குறியில் இருக்கிறது என்பது தெரியும். தீர்வு மேலே சொன்ன அதே பொதுச் சேனல்கள்தாம். அவற்றில் 36 முதல் 48 வரையுள்ளவை மேலே சொன்ன எந்த நாட்டின் குறியிலும் மூடப்படுவதில்லை.

### 6 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியாவிட்டால்

வைஃபை 6இ என்று எழுதிய அமெரிக்கப் பெட்டி 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் பயன்படுத்தும்படி செய்யப்பட்டது. இந்தியாவில் 2025 மே மாதம் வெளியான வரைவு விதிகள் பேசியதோ 5925 முதல் 6425 வரையுள்ள கீழ்ப்பகுதியை மட்டும். அமெரிக்கப் பட்டியலில் உள்ள பெட்டி மேல்பகுதியிலும் பேசும் என்பதால், அந்த மூன்றாவது வைஃபையை அணைத்துவிடுங்கள். இங்கே வாங்கிய போன் அதைக் காணாமலிருப்பது பழுதன்று.

## அறிகுறி 4: 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தாமதமாக வருகிறது, நடுவில் காணாமல் போகிறது

52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களைப் பயன்படுத்தும் பெட்டி, அங்கே ரேடார் இயங்குகிறதா என்று முதலில் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டே பேசத் தொடங்கும். ஐரோப்பியப் பெட்டி சில சேனல்களில் பத்து நிமிடம்கூடக் காத்திருக்கும். ரேடார் ஒலி போன்ற எதையாவது கேட்டால் உடனே சேனலை விட்டு விலகும். மீண்டும் அதே மருந்து: சேனல் 36, சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். அகலம் 160 என்று வைத்திருந்தால் அந்த ரேடார்ப் பகுதியும் சேர்ந்தே வந்துவிடும் என்பதால் 80-க்குக் குறையுங்கள்.

## அறிகுறி 5: நாடு தேர்ந்தெடுக்கும் பட்டியலே இல்லை, அல்லது மங்கிக் கிடக்கிறது

### வழக்கமான இடத்தில் இல்லையா என்று பாருங்கள்

பட்டியல் வைஃபை பக்கத்தில் இல்லாமல், அட்வான்ஸ்டு பகுதிக்குள்ளோ சிஸ்டம் பகுதிக்குள்ளோ, நாடு அல்லது ரீஜன் என்ற பெயரில் இருக்கலாம். சில பெட்டிகளில் முதல் அமைப்பின்போது மட்டுமே கேட்கப்படும். அங்கே யாரோ ஏற்கெனவே ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால், ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்கினால்தான் மீண்டும் கேட்கும். பிரௌசரில் தெரியாத பட்டியல் நிறுவனத்தின் போன் செயலியில் இருப்பதும் உண்டு.

### ரீசெட்டுக்குப் பிறகும் அமெரிக்கா என்றே மங்கிக் கிடந்தால்

இது பழுதே இல்லை. அமெரிக்காவில் விற்கும் பெட்டிகளை அப்படித்தான் பூட்டி அனுப்புகிறார்கள். பயனர் நாட்டுக் குறியை மாற்றி அனுமதிக்கு மேற்பட்ட வலிமையில் பேசும்படி பெட்டியை விட்டுவைத்ததற்காக, 2016-இல் ஒரு பெரிய ரௌட்டர் நிறுவனம் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு 2 லட்சம் டாலர் கட்டியதும் உண்டு. நாட்டுக் குறி, ரேடியோவின் அளவுத்திருத்தத் தகவலோடு சேர்த்துத் தனி நினைவகப் பகுதியில் எழுதப்பட்டிருப்பதால், ரீசெட் அதைத் தொடுவதே இல்லை.

இந்த இடத்தில் பலர், பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் இந்தியப் பதிப்பைத் தரவிறக்கி ஏற்றப் பார்க்கிறார்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பெரும்பாலான பெட்டிகள் அந்தக் கோப்பை ஏற்காமல் திருப்பிவிடும். அதுவே நல்ல முடிவு. ஏற்றுக்கொள்ளும் பெட்டியில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒரே பெயரில் விற்கும் அமெரிக்கப் பெட்டியும் இந்தியப் பெட்டியும் உள்ளே வேறு நினைவகமோ வேறு சிப்போ கொண்டிருந்தால் பெட்டி முடங்கிவிடும். முடங்காவிட்டாலும், தனிப் பகுதியில் இருக்கும் நாட்டுக் குறி மாறாமல் அப்படியே இருக்கலாம். அப்படியானால் உழைத்தது வீண். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திறந்த ஃபர்ம்வேரில் நாட்டை இந்தியா என்று எழுதலாம் என்பது உண்மை. ஆனால் சில சிப்களில், தொழிற்சாலையில் எழுதிய குறியும் நீங்கள் எழுதும் குறியும் இரண்டும் அனுமதிக்கும் சேனல்கள் மட்டுமே திறக்கும். உங்கள் மாடலின் சரியான வெர்ஷன் அதன் ஆதரவுப் பட்டியலில் இருந்து, பெட்டி போனாலும் பரவாயில்லை என்ற மனநிலையும் இருந்தால் மட்டும் அந்த வழியில் இறங்குங்கள்.

### வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் "பவர்" கூடுமா?

பட்டியல் திறந்திருக்கும் பெட்டிகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஐரோப்பா அனுமதிக்கும் மொத்தக் கதிர்வீச்சு 100 மில்லிவாட்; இந்தியாவில் 2005-இலிருந்தே 4 வாட் வரை உண்டு. ஆகவே ஐரோப்பாவில் நிறுத்தியிருக்கும் பெட்டியை முறைப்படி இந்தியா என்று மாற்றினால் சற்றே எட்டம் கூட வாய்ப்பு இருக்கிறது. அதற்கு மேல் எந்த நாட்டைத் தேடிப் பிடித்தாலும் பயனில்லை. ரௌட்டர் கத்துவது போனுக்குக் கேட்கும், ஆனால் போனின் மெல்லிய குரல் ரௌட்டருக்குக் கேட்காது. கோடுகள் நிறையக் காட்டி, பக்கம் மட்டும் திறக்காமலிருக்கும். இந்திய விதிக்கு மாறான சேனலிலும் வலிமையிலும் பேசுவது சட்டப்படியும் தவறு.

## அறிகுறி 6: இரவில் நிற்க வேண்டிய வைஃபை மாலையிலேயே நின்றுவிடுகிறது

பிள்ளைகளுக்காக வைத்த நேரக்கட்டுப்பாடு இன்னமும் வெளிநாட்டு நேரத்தில் ஓடுகிறது. சிங்கப்பூர் நேரத்தில் இருக்கும் பெட்டியின் இரவு 10 மணி என்பது நமக்கு மாலை 7.30. துபாய் நேரத்தில் இருந்தால் இரவு 11.30 வரை நீளும். கோடைக்கால நியூயார்க் நேரத்தில் இருந்தால் மறுநாள் காலை 7.30. நேர மண்டலத்தை +5.30 என்று மாற்றுங்கள். பழைய பெட்டிகளில் இந்த வரி மெட்ராஸ், கல்கத்தா என்ற பெயர்களோடு இருக்கும். பக்கத்திலேயே கோடைநேர மாற்றத்துக்கான பெட்டி டிக் செய்யப்பட்டிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டில் பாதி நாள் ஒரு மணி நேரம் பிசகும். சேமித்த பிறகும் நேரம் 1970 என்றோ வேறேதோ ஆண்டு என்றோ காட்டினால், பெட்டிக்கு இணையம் கிடைக்கவில்லை. அறிகுறி 2-க்குப் போங்கள்.

## அறிகுறி 7: நிர்வாகப் பக்கம் சீனத்திலோ ஜெர்மனிலோ வருகிறது

பக்கத்தின் மேல் மூலையிலோ கீழ் மூலையிலோ மொழிப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கணினியில் குரோம் பிரௌசரின் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தலாம். படமாக உள்ள எழுத்துகளைப் போனின் கேமரா வழி மொழிபெயர்க்கலாம். சீனச் சந்தைக்கான ஷாவ்மி பெட்டி 192.168.31.1 என்ற முகவரியில் திறக்கும். அதன் மி ஹோம் செயலியில் பிராந்தியத்தைச் சீனப் பெருநிலம் என்று வைத்தால்தான் பெட்டி கண்ணில் படும். இந்தியா என்று வைத்துவிட்டு நாள் முழுவதும் தேடியவர்கள் உண்டு. ஜெர்மன் ஃபிரிட்ஸ்பாக்ஸ் 192.168.178.1 என்ற முகவரியில் திறக்கும். மொழிக்காக மட்டும் ஃபர்ம்வேரை மாற்றாதீர்கள். ஒரு முறை அமைத்துவிட்டால் அந்தப் பக்கத்துக்குள் மீண்டும் எத்தனை முறை போகப் போகிறீர்கள்?

## அறிகுறி 8: இங்கே வாங்கிய இரண்டாவது மெஷ் பெட்டி இதனுடன் சேரவில்லை

மெஷ் என்பது பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுவதற்கும் ஒரே வைஃபையாக இயங்குவது. ஒரே நிறுவனம், ஒரே மாடல் என்றாலும் வெவ்வேறு நாட்டுப் பதிப்புகள் சேராமல் போகலாம். ஃபர்ம்வேர் இரண்டிலும் அந்தந்தப் பதிப்பின் புதியதாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு முறை முயலுங்கள். சேராவிட்டால், இரண்டாவதை வயர் வழியாக அணுகல் முறையில் (ரௌட்டராக அன்றி வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறையில்) இணைத்து, இரண்டுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால், அதே நாட்டிலிருந்து அடுத்த பயணத்தில் இன்னொன்று கொண்டுவரச் சொல்வதே நல்லது. வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும் என்பதால் பில்லையும் அங்கேயே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 9: அமெரிக்க ரௌட்டர்தானே, அமெரிக்கப் படங்கள் ஏன் வரவில்லை?

இது பழுதே அன்று, இருந்தாலும் கேட்கிறார்கள். எந்த நாட்டுப் படங்களைக் காட்டுவது என்பதைப் படநிறுவனங்கள் உங்கள் இணைய நிறுவனம் கொடுக்கும் ஐபி முகவரியைக் கொண்டு முடிவுசெய்கின்றன. ரௌட்டர் எங்கே பிறந்தது என்பது அவற்றுக்குத் தெரியாது.

## அறிகுறி 10: வேறு நாட்டு ஃபர்ம்வேரை ஏற்றிய பிறகு விளக்கு மட்டும் மின்னுகிறது

முதலில் பத்து நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள். ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் பிளக்கைப் பிடுங்கினால் மீளும் வாய்ப்பும் போய்விடும். பிறகு ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கரண்ட் கொடுத்துப் பாருங்கள். மீட்பு வசதி உள்ள பெட்டி என்றால், விளக்கு மெதுவாக, சீராக மின்னும். அப்போது ஒரு கணினியை வயர் வழியாக இணைத்து, ஸ்டிக்கர் படத்தில் உள்ள அதே நாட்டு, அதே வெர்ஷன் ஃபர்ம்வேரை நிறுவனத்தின் மீட்பு மென்பொருளால் ஏற்றலாம். வைஃபை வழியாக இதைச் செய்யக் கூடாது, கரண்ட் போகும் நேரத்திலும் செய்யக் கூடாது.

விளக்கு சீராக மின்னாமல் ஒன்றாகவே எரிந்து நின்றாலோ, மூன்று முயற்சிக்குப் பிறகும் மீட்பு மென்பொருள் பெட்டியைக் காணவில்லை என்றாலோ நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த கட்டம் பெட்டியைத் திறந்து, பலகையில் சீரியல் வயர்களைப் பற்றவைத்து எழுதுவது. அது சாலிடரிங் தெரிந்த பழுதுபார்ப்பவரின் வேலை. அவரிடம் கொடுக்கும்போது, எந்தக் கோப்பை ஏற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கேட்கும் கூலி இங்கே கிடைக்கும் புது ரௌட்டரின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதாக வாங்கிவிடுவதே மேல்.